தேங்காய் எண்ணெயும் கார் டயரும்

காருக்குப் புது டயர் தேடுகிறீர்கள். சம்மர் டயர் என்று ஒன்று, ஆல்-சீசன் டயர் என்று ஒன்று. மழைக்கும் ஆச்சு, வெயிலுக்கும் ஆச்சு, ஆல்-சீசனே வாங்கிவிடலாம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இந்த இரண்டையும் பிரிப்பது மழை இல்லை, குளிர்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். சொட்டு விழாது. சம்மர் டயரின் ரப்பரும் அப்படித்தான். சுமார் 7 டிகிரிக்குக் கீழே குளிர் போனால் இறுகிவிடும், பிடிமானம் குறையும். ஆல்-சீசன் ரப்பர் அவ்வளவு சீக்கிரம் இறுகாது. லேசாகப் பனி விழும் ஊர்களுக்கு அது சரி. ஆனால் கொதிக்கும் தார்ச்சாலையில் அதன் பிடி சற்றுக் குறைவு. பிரேக் போட்டால் வண்டி கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும்.

மதுரையில் 7 டிகிரி ஏது? சம்மர் டயரே போதும். ஊட்டிக் குளிரில் தினமும் ஓட்டுபவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம்.

சரி, மழைக்கு? சம்மர் டயர் மழையிலும் நன்றாகப் பிடிக்கும், அதில் வரிப்பள்ளம் இருக்கும்வரை. பள்ளம்தான் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. டயரின் பக்கவாட்டில், விளிம்போரம் ஒரு சின்ன முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் குட்டியாக ஒரு ரப்பர் மேடு. டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டதா? மாற்றியே ஆகவேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்னால், நான்கு டயரையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.