மாறுதலும் மாற்றுதலும்

 

நாரணாபுரத்தில் நம் கல்விக் கழகம் வெள்ளிவிழாக் காணும் இந்நன்னாளில், ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றிப் பேச முற்படுகின்றோம். விழா மேடையில் இலக்கணப் பாடமா என்று எவரும் அஞ்ச வேண்டா. இப்பாடம் நம் வாழ்வோடு பின்னிக் கிடப்பது. அச்சொல் ‘மாறு’ என்பதாகும்.

‘மாறு’ என்பது தன்வினை; ‘மாற்று’ என்பது பிறவினை. ‘அவர் ஊர் மாறினார்’ என்றால் முடிவு அவருடையது. ‘அவரை ஊர் மாற்றினார்கள்’ என்றால் முடிவு பிறருடையது. ஏறு–ஏற்று, திருந்து–திருத்து, ஒடுங்கு–ஒடுக்கு, தாழ்–தாழ்த்து என்பனவும் இவ்வகை இணைகளே. பள்ளியில் இவற்றை மதிப்பெண்ணுக்காகப் படித்தோம். ஆயின் நம்மைப் போன்றோருக்கு இவ்வேறுபாடு வரலாற்றையே திறந்து காட்டுவது.

நம் முன்னோரைத் ‘தாழ்ந்த சாதியார்’ என்றனர். ‘தாழ்ந்த’ என்பது தன்வினை. நீர் பள்ளத்தில் இறங்குவது போல அவர்களே தாழ்ந்துவிட்டனர் என்பது அதன் பொருள். பின்னர்த் ‘தாழ்த்தப்பட்டோர்’ என்னும் சொல் வந்தது. சொல்லில் புகுந்த சில எழுத்துகள் குற்றத்தையே இடம் மாற்றி வைத்தன. தாழ்த்தப்பட்டோர் உண்டென்றால் தாழ்த்தியோரும் உண்டன்றோ? செயப்பாட்டு வினையைக் கண்டால் ‘எவரால்?’ என்று கேட்பது இலக்கண முறை. அக்கேள்வியைக் கேட்கத் துணிந்ததே நம் விடுதலையின் தொடக்கம்.

1922-ஆம் ஆண்டில் எம்.சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் முயன்று, இழிவாக வழங்கிவந்த பழம் பெயர்களுக்கு மாற்றாக ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை அரசு ஏடுகளில் இடம்பெறச் செய்தார். பெயர் தானாக மாறவில்லை; மாற்றினார்கள். ‘காலம் மாறும்’ என்று திண்ணையில் அமர்ந்திருந்தால் அது நிகழ்ந்திராது.

அவ்வாறாயின் தன்வினை தாழ்ந்ததோ? அன்று. அண்ணல் அம்பேத்கர் 1935-இல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். இடையில் 21 ஆண்டுகள் ஆராய்ந்தார். அவரை எவரும் மாற்றவில்லை; அவரே மாறினார். மனிதர் எழுவாயாய் நிற்குமிடத்து ‘மாறினார்’ என்பது உறுதியைக் காட்டும். காலமும் விதியும் எழுவாயாய் நிற்குமிடத்து அதே சொல் பொறுப்பை மறைக்கும். எழுவாய் எது என்று பார்த்தே இச்சொல்லை எடை போடவேண்டும்.

நம் வட்டாரத் தொழிலோடு ஒட்டிய ஒரு சொல்லையும் காண்போம். ‘வெடி’ என்னும் வினை வழக்கில் இருபுறமும் செல்லும்: ‘பட்டாசு வெடித்தது’ என்போம்; ‘சிறுவன் பட்டாசு வெடித்தான்’ என்றும் சொல்வோம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய துயரங்களில் ‘மருந்து வெடித்தது’ என்று சொல்லி வாக்கியத்தை முடித்துவிடுகின்றோம். அளவுக்கு மீறி மருந்தைச் சேர்த்து வைத்தது யார்? ஓர் அறையில் இத்தனை பேர்தாம் இருக்கலாம் என்ற விதியைக் காற்றில் விட்டது யார்? ‘வெடித்தது’ என்ற சொல் இவற்றைக் கேட்காது, நாம்தாம் கேட்கவேண்டும்.

பிறரைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்போமாக. ‘பெண்ணுக்குப் படிப்பு நின்றுவிட்டது’ என்று நம் வீடுகளிலேயே சொல்கின்றோம். படிப்புக்குக் கால் உண்டோ, தானே நிற்பதற்கு? வறுமை நிறுத்தியது, முன்பணக் கடன் நிறுத்தியது, சில வீடுகளில் நாமே நிறுத்தினோம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்ற திருத்தம் 2016-இல் வந்தது. குடும்பத் தொழிலுக்கும் கலைத்துறைக்கும் ஒப்பளித்த சில விலக்குகள் அத்திருத்தத்தில் இருப்பினும், அதன் நோக்கம் தெளிவு. ஆயினும் சட்டம் வாயில்வரைதான் வரும். பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுப்பது வீட்டாரின் கடன். ‘நின்றது’ என்னாது ‘நிறுத்தினோம்’ என்று ஒருமுறை உண்மை பேசிவிட்டால், மறுநாள் ‘மீண்டும் சேர்த்தோம்’ என்று சொல்லும் வழியும் பிறக்கும்.

கழகம் இந்த 25 ஆண்டுகளில் செய்த பணியைப் பிறர் ‘இவர்களை முன்னேற்றினார்கள்’ என்று புகழக்கூடும். அச்சொல்லையும் எண்ணிப் பார்த்தே ஏற்கவேண்டும். கதவைத் திறந்து வைப்பது கழகத்தின் வினை. உள்ளே வந்து கற்பது மாணவரின் வினை. அவர்கள் முன்னேற்றப்பட்டவர்கள் அல்லர்; முன்னேறியவர்கள்.

‘மாறு’ என்னும் சொல்லோடு உறவுடைய இன்னொன்று ‘கைம்மாறு’. இங்குக் கற்று உயர்ந்தோர், மாலை வேளையில் இளையவர் ஒருவர்க்கேனும் பாடம் சொல்லித் தருவாராயின் அதுவே கழகம் வேண்டும் கைம்மாறு. இனி எவரேனும் ‘எல்லாம் மாறும்’ என்று நம்மிடம் சொன்னால், ‘மாற்றுவது யார்?’ என்று பணிவோடு கேட்போம். ‘நாம்’ என்ற விடையோடு எழுவோம்.