நாலு வரிச் செய்தி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம்தான். சிவில்காரன் சிமெண்டைப் பத்திப் பேசக் கூடாது" என்று செயலாளர் அண்ணன் நிபந்தனை போட்டிருக்கிறார். ஆகவே உள்ளூர்ப் பத்திரிகைகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நடுவில் கொஞ்சம் சிமெண்டும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2012-இல் நான் ஓர் ஒப்பந்தக்காரரிடம் சைட் எஞ்சினீயர். ஒரு கிராமத்தில் குடிதண்ணீருக்கு மேல்நிலைத் தொட்டி கட்டினோம். தொட்டியை நிரப்பி ஏழு நாள் விட வேண்டும், அதற்குப் பின் இன்னும் ஏழு நாள் வெளிப்புறம் ஈரமில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஐ.எஸ். 3370 சொல்கிறது. முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் பேராசிரியர் அதை எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. மூன்றே நாள் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து உள்ளூர்ப் பத்திரிகையில், மாவட்டப் பக்கத்தின் கீழ் மூலையில் நாலு வரி. புதிய குடிநீர்த் தொட்டியில் கசிவு, பொதுமக்கள் புகார் என்று. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எழுதியவர் யார் என்று விசாரித்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், பகுதி நேர நிருபர். நேரே போய், "என்ன சார், டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாம எழுதிட்டீங்க?" என்று சத்தம் போட்டேன். அவர் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே சொன்னார்: "டெக்னிக்கலா எனக்குத் தெரியாதுதான் சார். ஆனா நான் போய்ப் பாத்தேன். நீங்க போய்ப் பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. அன்று மதியமே போனேன். தொட்டிச் சுவரில், முதல் நாள் போட்ட காங்கிரீட்டும் மறுநாள் போட்டதும் சேரும் இடத்தில், வைப்ரேட்டர் சரியாகப் போடாததால் தேன்கூடு மாதிரி ஓட்டை. இரண்டு கை அகலத்துக்கு ஈரம். கிரவுட்டிங் செய்து, இந்த முறை பதினான்கு நாளும் காத்திருந்து பார்த்தோம். மறுநாள் பத்திரிகையில் அதே மூலையில் இரண்டு வரி: தொட்டி சரிசெய்யப்பட்டது. கசிவை எழுதியவர், அது நின்றதையும் வந்து பார்த்து எழுதினார். அதைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை.

டெல்லித் தொலைக்காட்சிக்கு அந்தத் தொட்டி ஒரு செய்தியா? இல்லை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிராமத்துக்கு அன்றைக்கு அதைவிடப் பெரிய செய்தி கிடையாது.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் நம் தென்சீமைக்காரர்கள் உண்டு. திருச்செந்தூர் பக்கம் காயாமொழியைச் சேர்ந்த சி.பா. ஆதித்தனார் 1942-இல் 'தந்தி'யைத் தொடங்கியது சென்னையில் அல்ல, மதுரையில். பின்னால் அதுதான் தினத்தந்தி. டீக்கடையில் ஒருவர் வாய்விட்டுப் படித்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் புரிகிற தமிழ். 1951-இல் டி.வி. ராமசுப்பையர் திருவனந்தபுரத்தில் தினமலரைத் தொடங்கினார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1-இல் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மறு வருடம் பத்திரிகை திருநெல்வேலிக்கு வந்தது.

என் அப்பா ஸ்ரீவைகுண்டம் பக்கம், தாமிரபரணிக் கடைமடை விவசாயி. காலையில் பத்திரிகை வந்ததும் முதலில் அணை நீர்மட்டம் பார்ப்பார். முழு அளவு பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. அன்றைய அளவை ஒரு பழைய டைரியில் குறித்து வைப்பார். பிசானத்துக்கு எப்போது நாற்று விடலாம் என்று முடிவு செய்வது அந்த டைரிதான். ஒரு நாள் அந்தக் கட்டம் வரவில்லை. அப்பா பத்திரிகை ஆபீஸுக்கே போன் போட்டார்: "என்னய்யா, சினிமாவுக்கு அரைப் பக்கம் இருக்கு, அணைக்கு இடம் இல்லையா?" மறுநாள் இரண்டு நாள் அளவும் சேர்ந்து வந்தது. டெல்லிப் பத்திரிகைக்கு அப்பா இப்படிப் போன் போட முடியுமா?

2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நான் சென்னையில் இருந்தேன். ஊரில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, அப்பாவின் போன் அடிக்கவே இல்லை. டி.வி.யில் வெள்ளம் தெரிந்தது. எங்கள் ஊர் தெரியவில்லை. "அந்தப் பக்கம் ஒண்ணுமே மிச்சமில்ல" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல். யார் பேசியது, எப்போது பேசியது, ஒன்றும் தெரியாது. திருநெல்வேலியில் வந்து இறங்கியதும் பத்திரிகை வாங்கினேன். எந்தக் குளம் உடைந்தது, எந்த ரோடு அறுந்தது, எந்த வழியில் பஸ் போகிறது என்று ஊர் ஊராகப் போட்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீடு போய்ச் சேர்ந்தேன். மாடியில் அப்பா இருந்தார். பக்கத்தில் நனைந்த டைரி காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏலே, பேப்பர் கொண்டாந்தியா? அணை எவ்வளவுலே?"

உள்ளூர்ப் பத்திரிகைகளிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. விளம்பரம் தருகிறவரைப் பற்றி வாய் திறக்கத் தயங்கும். பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணம் முழுப் பக்கம் வரும். ஆனால் நாம் கொடுக்கும் விலையில் மட்டும் பத்திரிகை நடத்த முடியாது. விளம்பரம்தான் சோறு போடுகிறது. 2019-இல் இறக்குமதி அச்சுக் காகிதத்துக்குப் பத்து சதவீத வரி வந்தது. 2020-இல் அதை ஐந்தாகக் குறைத்தார்கள். உடனே ஊரடங்கு வந்து விளம்பரம் நின்றது. பத்திரிகைகள் மெலிந்தன. மெலியும்போது முதலில் போவது அந்த நாலு வரிச் செய்திதான்.

ஜெராக்ஸ் கடைக்காரரைப் போன வருடம் பார்த்தேன். எழுதுவதை விட்டுவிட்டார். வருகிற பணம் பெட்ரோலுக்கே காணவில்லையாம். அவர் இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. நாம் எஞ்சினீயர்கள். மீட்டரில் முள் அசையவே இல்லை என்றால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்க மாட்டோம். மீட்டர் ஓடுகிறதா என்று பார்ப்போம். ஓர் ஊரிலிருந்து செய்தியே வரவில்லை என்றாலும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அதனால் மூன்று வேண்டுகோள். ஒன்று, எங்கே வேலை பார்த்தாலும் சொந்த ஊர் வீட்டுக்கு ஒரு பத்திரிகைக்குச் சந்தா கட்டுங்கள். இரண்டு, உள்ளூர் நிருபர் வந்து பாலத்தைப் பற்றியோ தொட்டியைப் பற்றியோ கேட்டால் விரட்டாதீர்கள். உட்காரவைத்துப் புரியும்படி சொல்லுங்கள். மூன்று, தப்பைக் கண்டால் பெயர் போட்டுக் கடிதம் எழுதுங்கள். நல்லது நடந்தாலும் எழுதுங்கள்.

நான் இப்போதும் தொட்டி கட்டுகிறேன். பதினான்கு நாள் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. அதற்கு எங்கள் பேராசிரியர் பாதிக் காரணம். ஜெராக்ஸ் கடைக்காரர் மீதிக் காரணம்.