விட்ட இடத்திலிருந்து தொடங்கு



"தொழிலில் பார்த்த ஒரு சின்ன விஷயம் சொல்லுப்பா, போதும்" என்றார்கள் சங்கத்தார். சின்ன விஷயமே சொல்கிறேன். கம்ப்யூட்டரில் நீளமான பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டுவது எப்படி?

1980-ல் டிவிஎஸ் 50 பிறந்த ஊர் நம்ம ஓசூர். ஒரு பெரிய ஆலை இருந்தால் சுற்றிலும் உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் பல இருக்கும். சரக்கு ஸ்டோர்ஸில் பதிவாகி, தரம் பார்த்து முடித்தால்தான் பில் பாஸ் ஆகும். அப்படி ஒரு தொழிற்சாலையில், நிலுவைப் பட்டியலைக் காட்ட ரூபி மொழியில் ஒரு சின்ன அப்ளிகேஷன் இருந்தது. எழுத உதவிய கருவி சினாட்ரா, 2007-ல் பிளேக் மிசரானி உருவாக்கியது. கைக்கு அடக்கமானது, பக்கம் பிரிக்கும் வசதி அதில் கிடையாது, நாமதான் சேர்க்கணும்.

எல்லாரும் முதலில் செய்வது இது: பக்கத்துக்கு 25 வரி. 3-ம் பக்கம் கேட்டால் 50 வரியைத் தாண்டி அடுத்த 25-ஐ எடு. டேட்டாபேஸிடம் 'லிமிட்', 'ஆஃப்செட்' என்று இரண்டே சொல். பக்க எண் 1-க்குக் குறைந்தால் 1 என்று வைத்துக்கொள்ளணும். இல்லாவிட்டால் தாண்டும் கணக்கு மைனஸில் போகும்.

வெறுமனே படிக்கிற பட்டியலுக்கு இது போதும். வேலை முடிக்கிற பட்டியலுக்குப் போதாது. ஏன்?

தரம் பார்ப்பவர் முதல் பக்கத்தின் 25 வரியையும் முடித்துவிடுகிறார். அவை நிலுவையிலிருந்து நீங்கிவிடும். 26-வதாக இருந்தது இப்போது முதலாவது. அவர் 2-ம் பக்கத்தைத் தட்டுகிறார். அப்ளிகேஷன் சொன்னபடி 25-ஐத் தாண்டி, பழைய 51-வது வரியிலிருந்து காட்டுகிறது. நடுவில் 25 வரி கண்ணிலேயே படவில்லை! பிழைச் செய்தி எதுவும் வராது. சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டிய பட்டறைக்காரர்தான் கேட்டில் வந்து நிற்பார்.

மருந்து எளிது. "எத்தனை தாண்டணும்" என்று கேட்காதீர்கள். "எந்த எண்ணுக்குப் பிறகு" என்று கேளுங்கள். பதிவு எண் வரிசையில் அடுக்கி, கடைசியாகக் காட்டியது 4125 என்றால், அதற்கு மேற்பட்டவற்றில் 26 எடுத்து 25-ஐக் காட்டுங்கள். 26-வது கிடைத்தால் 'அடுத்த பக்கம்' பட்டன் வைக்கலாம். 17-ம் பக்கத்துக்கு ஒரே தாவாகத் தாவ முடியாது. ஆனால் நடுவில் ஒரு வரியும் விட்டுப்போகாது.

இது புதுசா? கையால் எழுதிய பேரேட்டில், ஒரு பக்கத்தின் அடிக்கூட்டை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிவிட்டுத்தானே தொடர்ந்தார்கள்!

தம்பி தங்கையரே, சோதித்துப் பார்க்கும்போது அசையாத பட்டியலை நம்பாதீர்கள். முதல் பக்கத்தை முடித்துவிட்டு இரண்டாம் பக்கம் போங்கள். அங்கே வரவேண்டிய வரி வருகிறதா என்று பாருங்கள். அந்த வரி யாரோ ஒருவருடைய ஒரு மாத உழைப்பு.