மலையும் வயலும் யாருடைய கண்ணுக்கு?



இயற்கைக் காட்சி ஒன்றை வரைக என்றால் மாணவர் எதனை வரைவர் என்பதை நாம் அறிவோம். இரண்டு மலைகள், இடையே எழும் கதிரவன், கீழே வயல், ஓரத்தில் ஒரு தென்னை. அண்டை நாடான இந்தோனேசியாவிலும் பள்ளிப் பிள்ளைகள் இதே காட்சியையே வரைந்து பழகியவர்கள். அந்நாட்டில் இக்காட்சியைப் பற்றி ஒரு பெரும் வாதம் எழுந்தது. அதனை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

டச்சுக்காரர் ஆட்சியில் அத்தீவுகளின் மலைகளையும் வயல்களையும் தீட்டிய ஓவியங்கள் ஐரோப்பியர் இல்லங்களை அணிசெய்தன. அவ்வகை ஓவியங்களுக்கு 'மோய் இண்டி' என்னும் பெயர் வழங்கலாயிற்று. 'அழகிய இந்தியத் தீவுகள்' என்பது அதன் பொருள். அவற்றில் அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அதே மண்ணில் 1830-இல் புகுத்தப்பட்ட கட்டாயப் பயிர்முறை, உழவர் தம் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கரும்பு, அவுரி போன்ற ஏற்றுமதிப் பயிர்களுக்கு ஒதுக்கப் பணித்தது. பின்னர் ஆலைகளும் பெருந்தோட்டங்களும் பெருகின. அந்த ஆலையின் புகைபோக்கியையோ, மெலிந்த உழவனையோ அவ்வோவியங்களில் காண்பது அரிது.

இதனைத் துணிந்து வினவியவர் சுஜோயோனோ. அவர் 1913-இல் வட சுமத்திராவின் கிசாரானில், ஜாவாவிலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். ரப்பர்த் தோட்டங்களில் வேரூன்றிய நம் குடும்பங்களுக்கு அவ்வாழ்வு அயலானதன்று. 1938-இல் அவரும் தோழர்களும் 'பெர்சாகி' என்னும் ஓவியர் சங்கத்தை நிறுவினர். நாடு விடுதலையை அறிவித்தது 1945-இல். அதற்கு ஏழாண்டுகள் முன்னரே அச்சங்கம் தன் பெயரில் 'இந்தோனேசியா' என்னும் சொல்லைத் தாங்கியிருந்தது. மலை, தென்னை, வயல் என்னும் மூன்றையே திரும்பத் திரும்பத் தீட்டுவது சுற்றுலாப் பயணியரை மகிழ்விக்கும் வேலை என்று சுஜோயோனோ கடிந்தார். சர்க்கரை ஆலையும் வாடிய உழவனும் ஓவியத்துள் இடம்பெற வேண்டும் என்றார்.

தமிழ் கற்போர்க்கு இவ்வாதம் எளிதில் விளங்கும். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. உணவு, தொழில், பறை முதலியவற்றைக் கருப்பொருள் என்கிறது. மாந்தர் உள்ளத்து ஒழுக்கத்தை உரிப்பொருள் என்கிறது. மூன்றும் கூடியதே திணை. 'மோய் இண்டி' ஓவியங்களில் முதற்பொருள் நிறைந்திருந்தது. அங்கு வாழ்வோரின் தொழிலும் துயரும் தேய்ந்து போயின. சுஜோயோனோ கேட்டது அவ்விரண்டையுமே எனலாம்.

ஆயினும் மலையின் மேல் குற்றம் சுமத்துதல் ஆகாது. விடுதலைக்குப் பின் அதிபர் சுகர்னோ திரட்டிய ஓவியங்களுள் அழகிய நிலக்காட்சிகளும் இருந்தன. சுஜோயோனோவும் பிற்காலத்தில் நிலக்காட்சிகளைத் தீட்டினார். ஆண்டவன் கண்ணுக்கு விருந்தாயிருந்த அதே மலை, விடுதலை பெற்றவன் கண்ணுக்குத் தாய்மண் ஆயிற்று. ஆதலால் எதனை வரைகிறோம் என்பதோடு, எங்கு நின்று, யாருக்காக வரைகிறோம் என்பதும் கேள்வியாகிறது.

ஆசிரியப் பெருமக்களே, நாளை ஒரு மாணவர் இரண்டு மலைகளும் கதிரவனும் வரைந்து வந்தால், அதனைக் குறைகூற வேண்டா. அவ்வயலில் நாற்று நடுபவர் யார், அவர் உண்பது யாது, மாலையில் எவ்வீட்டுக்குத் திரும்புகிறார் என்று மட்டும் கேட்போம். மாணவச் செல்வங்களே, உங்கள் பாட்டி விடியுமுன் விளக்கேந்திப் பால்மரம் சீவச் சென்றவராயின், அந்த விளக்கொளியும் இந்நாட்டின் நிலக்காட்சியே. அதனையும் வரையுங்கள்.