மாயூரம் முன்சீபின் கடிதங்கள்

நீதிபதிகளின் கடிதங்களைத் தொகுத்து அச்சிடும் வழக்கம் மேல்நாடுகளில் பழமையானது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றத்தில் 1811 முதல் 1845 வரை வீற்றிருந்தவர் ஜோசப் ஸ்டோரி. அவர் மறைந்த ஆறாண்டுகளில், 1851-ல், அவருடைய மைந்தர் அவர் வரலாற்றையும் கடிதங்களையும் சேர்த்து இரண்டு பாகங்களாக வெளியிட்டார். சட்டம் பேசும் ஓலையும் நண்பருக்கு எழுதிய ஓலையும் அந்நூலில் அடுத்தடுத்து நிற்கின்றன. அதே நூற்றாண்டில் நம் காவிரிக் கரையில் நீதி வழங்கிய ஒருவர் எழுதிய கடிதங்களைத் தேடிப் புறப்பட்டால், அவற்றைப் பிறர் நூல்களுக்குள்தான் புகுந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-ல் வெளியிட்டவர் என்ற அளவில் நேயர்கள் அவரை அறிவார்கள். திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-ல் பிறந்த கிறிஸ்தவர். திருச்சி ஜில்லா நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காத்து, பின்பு மொழிபெயர்ப்பாளராகி, அதன்பின் முன்சீபாகத் தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் ஆகிய ஊர்களில் அமர்ந்தார். மொழிபெயர்ப்பாளர் என்றவுடன் நமக்கு அவரிடம் ஓர் உறவு தோன்றிவிடுகிறது. நாமும் மத்திய அரசில் அந்த உத்தியோகத்தையே பார்ப்பவர்கள்.

அக்காலத்தில் தமிழ்ப் புலவர்களிடையே சீட்டுக்கவி என்றொரு வழக்கம் இருந்தது. கடிதமே செய்யுளாக இருக்கும். எழுதுகிறவர் கவிராயர்; பெறுகிறவர் பிரபு. நெல்லோ பொருளோ வேண்டுமென்ற குறிப்பு பாட்டின் நடுவே எங்கேனும் ஒளிந்திருக்கும். வேதநாயகம் பிள்ளையோ பிரபுவின் ஸ்தானத்தில் இருந்தவர். கோர்ட்டில் அவர் பெயரைக் கூவும் சேவகன் உண்டு. அப்படியிருந்தும் அவர் தாமே பாட்டெழுதி அனுப்பினார். இதுவே அவர் கடிதங்களில் நாம் கண்ட புதுமை.

அவருக்கும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் இருந்த நட்பு இத்தகைய பாடல்களாலேயே வளர்ந்தது. சீகாழியில் முன்சீபாக இருந்தபோது அவர் விரும்பியபடி மகாவித்துவான் சீகாழிக் கோவை பாடினார். அது 1860-ல் அரங்கேறியது. நண்பரையே பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவையும் பாடினார். சைவப் புலவர் ஒருவர் கிறிஸ்தவரைப் பாடுவதா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். மகாவித்துவான் அதைப் பொருட்படுத்தவில்லை. இருவரிடையே சென்ற பாடல்களை மகாவித்துவானின் மாணாக்கர் உ. வே. சாமிநாதையர் பேணி, 1933, 1934 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தம் ஆசிரியர் சரித்திரத்தில் சேர்த்தார். ஸ்டோரிக்கு மைந்தர் செய்ததை, இங்கே நண்பரின் மாணாக்கர் செய்தார் என்று சொல்லலாம்.

இக்கடிதங்களில் நம் மனத்தைப் பெரிதும் கவர்பவை தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டியவை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அப்பஞ்சத்தில் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் ஏழைகளுக்கு உணவளித்தார். வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளையும் பசித்தோர்க்குச் செலவிட்டார். தேசிகரைப் பாராட்டிப் பாடல்களும் எழுதி அனுப்பினார். அவர் உத்தியோகத்தை விட்டது 1872-ல். ஆதலால், நிலபுலம் மிகுந்த மடத்துக்கு நீதிபதி எழுதலாமா என்று எவரும் கேட்க இடமில்லை. சைவ மடத்துத் தலைவருக்குக் கிறிஸ்தவர் ஒருவர் எழுதுகிறார். இடையே நிற்பது பசி ஒன்றே.

நாம் வாழும் நஞ்சன்கூடு கபினிக் கரையில் இருக்கிறது. இங்கே ஸ்ரீகண்டேசுவரர் கோயிலில் அறுபத்துமூவர் திருவுருவங்களைக் காணும் தமிழருக்கு ஊர் நினைவு வருவதுண்டு. கோயிலைக் கடந்து ஓடும் இந்த நீர் திருமகூடலில் காவிரியோடு கலந்து மாயூரத்துக்கும் போவது. அன்று பஞ்சம் அங்கிருந்ததைக் காட்டிலும் இங்கே கொடுமையாயிருந்தது. 1871-ல் ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேலிருந்த மைசூர் நாட்டு ஜனத்தொகை, 1881-ல் சுமார் நாற்பத்திரண்டு லட்சமாகக் குறைந்தது. இதை அறிந்தபின் அப்பாடல்களைப் புலவரின் சம்பிரதாயப் புகழ்ச்சி என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை.

இனி அவருடைய உத்தியோக எழுத்து. 1805 முதல் 1861 வரை வெளியான சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளை அவர் தமிழில் சுருக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்று வெளியிட்டார். தீர்ப்பைச் சுமக்கப் போகிறவன் அதைப் படித்தறிய வேண்டாமா என்ற எண்ணம் அதன் பின்னே இருக்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர் அறிவார்: சட்ட வாசகத்தில் ஒரு சொல் பிசகினால் ஒரு வயலே கைமாறிவிடும். தமிழ் வழங்கும் கோர்ட்டில் வக்கீல்கள் இங்கிலீஷில் வாதிப்பதைத் தம் நாவலிலும் அவர் நையாண்டி செய்யாமல் விடவில்லை. அந்த நையாண்டியைப் படித்து நாம் வாய்விட்டுச் சிரித்ததுண்டு. முழுச் சிரிப்பாக அது இருந்ததில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவருக்குச் சொந்த ஊரிலிருந்து கடிதம் வருவது அருகிவிட்டது. நலம் விசாரிப்பது தொலைபேசியோடு சரி. தபாலில் வருவது பெரும்பாலும் பாகப்பிரிவினை பற்றிய வக்கீல் நோட்டீஸே. அதை எடுத்துக்கொண்டு, படித்துச் சொல்லும்படி நம் வீட்டுக்கு வருகிறார்கள். அண்மையில் அப்படி வந்த முதியவர் ஒருவருக்கு, ஆங்கிலத்தில் இருந்த நான்கு பக்கங்களையும் வரிவரியாகத் தமிழில் சொன்னோம். கிணற்றுப் பங்கு, வரப்பு, பதினைந்து நாள் தவணை எல்லாவற்றையும் அவர் பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு காகிதத்தைத் திருப்பிப் பார்த்து, "சார், இதிலே எங்க அண்ணன் கைப்பட எழுதினது ஏதாவது இருக்குதா?" என்று கேட்டார்.

கடைசிப் பக்கத்தில் வக்கீலின் கையொப்பம் மட்டும் இருந்தது.