பாட்டுக்காரரும் சைக்கிளும்



ஊர் ஊராய்ச் சுற்றிக் கச்சேரி செய்யும் சங்கீதக்காரர்களின் வாழ்க்கையைப் பற்றி இன்று ஏதாவது பேச வேண்டுமென்று இக்கூட்டத்தைக் கூட்டியவர்கள் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். ராகத்தையும் தாளத்தையும் பற்றி அவற்றை அறிந்த வித்வான்கள் பேசட்டும். ஆனால் பாடுகிறவனும் ஒரு மனிதன்தான். அவன் எங்கே தூங்குகிறான், பகல் பொழுதை எப்படிக் கழிக்கிறான், எந்த வாகனத்தில் போகிறான் என்பதைப் பற்றிப் பேசுவதற்குச் சங்கீத ஞானம் வேண்டியதில்லை. சாதாரணப் புத்தி இருந்தால் போதும். ஆதலால் ஒரே ஒரு பாட்டுக்காரரை எடுத்துக் கொண்டு, அவருக்கும் அவருடைய சைக்கிளுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறோம்.

அவர் பெயர் டேவிட் பைர்ன். 1952-ம் வருஷம் ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் என்னும் ஊரில் பிறந்தவர். சிறு பிள்ளையாயிருக்கும் போதே பெற்றோர் கனடாவுக்குப் போய், பிறகு அமெரிக்காவில் மேரிலாந்தில் குடியேறினார்கள். சித்திரப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். படிப்பை முடிக்காமலே விட்டுவிட்டார். 1975-ல் நியூயார்க் நகரத்தில் தோழர்கள் இருவரோடு சேர்ந்து ‘டாக்கிங் ஹெட்ஸ்’ என்ற பாட்டுக் குழுவை ஆரம்பித்தார். அக்குழுவில் முதலிலிருந்தே இருந்த டினா வேமத் ஒரு பெண். அக்குழு 1991-ல் கலைந்தது. 1987-ல் வெளிவந்த ‘கடைசிச் சக்கரவர்த்தி’ என்னும் சினிமாவுக்கு வேறு இருவரோடு சேர்ந்து சங்கீதம் அமைத்ததற்காக அவருக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. இவ்வளவும் அவர் கூப்பிட்டால் மோட்டார் வந்து நிற்கக்கூடிய நிலைமையில் உள்ள மனிதர் என்பதைக் காட்டவே சொல்லுகிறோம்.

இனி, ஊர் சுற்றும் சங்கீதக்காரரின் அன்றாட வாழ்க்கையைப் பாருங்கள். நம்மில் பலர், ‘ஆகா! இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர், போகிற இடமெல்லாம் மாலை மரியாதை, இதைவிட என்ன பாக்கியம் வேண்டும்!’ என்று நினைக்கிறோம். உண்மை என்னவென்றால், இரவு கச்சேரி முடிகிறது, சாமான்களைக் கட்டிப் பஸ்ஸில் ஏற்றுகிறார்கள், பஸ்ஸிலேயே தூக்கம், விடிந்தால் வேறொரு ஊர், வேறொரு ஹோட்டல். பிற்பகலில் மண்டபத்துக்குப் போய் ஒலிபெருக்கிகளைச் சரி பார்க்க வேண்டும். இரவு மறுபடியும் கச்சேரி. இப்படி நாற்பது ஊர் போய் வந்தவனை, ‘அந்த ஊர் எப்படி இருந்தது?’ என்று கேட்டால், அவன் ஹோட்டல் கட்டிலையும் மண்டபத்தின் பின்வாசலையும்தான் வர்ணிக்க வேண்டியிருக்கும். ஜனங்களுக்காகவே பாடப் போகிறவன், விளக்கு வெளிச்சத்துக்கு அப்பால் இருக்கும் தலைகளைத் தவிர ஜனங்களையே பார்ப்பதில்லை. பல்லக்கில் திரையைப் போட்டுக் கொண்டு ஊரைக் கடந்த பிரபுவுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

இந்தத் திரையைக் கிழிக்க டேவிட் பைர்ன் கண்ட சாதனம் சைக்கிள். 1980-களின் தொடக்கத்திலிருந்தே நியூயார்க்கில் அவர் முக்கியமாய் சைக்கிளிலேயே போய் வந்து கொண்டிருந்தார். அக்காலத்தில் அந்நகரத்தில் வயது வந்தவர் சைக்கிள் ஏறுவதைப் பலர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். பிறகு மடக்கிப் பெட்டியில் வைக்கக்கூடிய சைக்கிள் ஒன்றை வாங்கி, கச்சேரிக்குப் போகும் ஊர்களுக்கெல்லாம் கொண்டு போக ஆரம்பித்தார். விமானத்தை விட்டு இறங்கியதும் பெட்டியைத் திறந்து வண்டியைப் பூட்ட வேண்டியது, ஏற வேண்டியது, அவ்வளவுதான். கச்சேரிக்கு முன் கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஊரின் கடைத்தெருவும், தொழிற்சாலைப் பக்கமும், பாழாய்க் கிடக்கும் வீதியும் அவர் கண்ணில் படும். நடந்தால் அவ்வளவு தூரம் போக முடியாது. மோட்டாரில் போனால் இடையில் ஒரு கண்ணாடி நிற்கும். சைக்கிளிலோ கால் ஊன்றி நின்று, பக்கத்திலிருப்பவனை வழி கேட்கலாம்.

இப்படி அவர் கண்டவற்றை ‘சைக்கிள் குறிப்புகள்’ என்று பொருள்படும் பெயரில் 2009-ல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். பெர்லின், இஸ்தான்புல், போனஸ் அயர்ஸ், மணிலா, சிட்னி, லண்டன், சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் முதலிய நகரங்கள் அதில் வருகின்றன. பெர்லினில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை இருக்கிறது. நடப்பவனும் அதில் நிற்பதில்லை, மோட்டார்க்காரனும் அதில் நிறுத்துவதில்லை என்று அவர் கண்டார். இஸ்தான்புல்லோ மேடும் பள்ளமுமான ஊர். சைக்கிளில் போகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் மோட்டார்கள் நெருக்கியடித்து நிற்கும் தெருவில் இவர் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்.

இவற்றுள் நாம் கவனிக்க வேண்டியது அர்ஜென்டினா தேசத்தின் தலைநகரான போனஸ் அயர்ஸ் விஷயம். அந்த ஊர் சமதரை. வீதிகள் நேர் நேராய் அமைந்தவை. வெயிலும் குளிரும் மிதமானவை. சைக்கிளுக்கென்றே உண்டாக்கிய ஊர் என்று சொல்லலாம். ஆனால் இவர் போன காலத்தில் சைக்கிளில் போகிறவர்களைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஏன் என்று யோசித்தார். திருட்டுப் பயமா, மோட்டார்க்காரர்களின் அஜாக்கிரதையா, அல்லது மோட்டார் என்பது அந்தஸ்துக்கு அடையாளமாகிவிட்டதா என்றெல்லாம் தம்மைத் தாமே கேட்டுக் கொண்டார்.

தோழர்களே! இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. ‘அந்த ஊர் ஜனங்களின் சுபாவம் அப்படி’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் நடந்தது என்ன? அதே நகரத்தில் நகராட்சியார் சைக்கிளுக்குத் தனிப்பாதைகள் போட்டார்கள்; 2010-ல் பொதுச் சைக்கிள்களையும் வைத்தார்கள். அதற்குமேல் ஜனங்கள் ஏற ஆரம்பித்தார்கள். ஆகவே சுபாவம் என்பது பெரும்பாலும் சௌகரியம் செய்து கொடுக்காதவர்கள் சொல்லும் சாக்கு என்பது விளங்கவில்லையா?

சைக்கிளுக்கும் அந்தஸ்துக்கும் உள்ள சம்பந்தம் நமக்கும் புதிதல்ல. நம் நாட்டில் சில ஊர்களில் தாழ்த்தப்பட்ட தோழர்கள் மேல்ஜாதித் தெருவழியே சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது, இறங்கித் தள்ளிக் கொண்டுதான் போக வேண்டும் என்று தடுத்த அக்கிரமம் உண்டு. இரும்பும் ரப்பரும் சேர்ந்த ஒரு வண்டியைக் கண்டு மேல்ஜாதிக்காரன் ஏன் பயந்தான்? அதில் ஏறியவன் தலை நிமிர்ந்து, தன் இஷ்டப்படி, பிறர் தயவில்லாமல் போகிறானே என்பதுதான் பயம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக் கொண்டபோது, கேலி செய்தவர்கள் பயந்ததும் இதற்காகத்தான். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக் கொண்டு, புருஷனையோ பஸ்ஸையோ எதிர்பாராமல் அவர்கள் போய் வந்தார்கள். ஆகவே சைக்கிள் என்பது வாகனம் மாத்திரமல்ல. யார் தயவும் வேண்டாம் என்று சொல்லும் ஒரு சாதனமுமாகும்.

நிற்க. ‘இவர் பணக்காரர், ஆசைக்குச் சைக்கிள் ஏறுகிறார். பால்காரனும் கூலிக்காரனும் வேறு வழியில்லாமல் ஏறுகிறார்கள். இதில் என்ன பெருமை?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சைக்கிள் ஏறியதற்காக மாத்திரம் ஒருவரைத் தூக்கி வைத்துப் பேசினால் அது நம் அறிவீனமேயாகும். ஆனால் இவர் ஏறினதோடு நிற்கவில்லை. நியூயார்க் நகராட்சியார் சைக்கிள் நிறுத்தும் இரும்புச் சட்டங்களுக்கு நல்ல மாதிரி வேண்டுமென்று ஒரு போட்டி வைத்து, அதற்கு இவரை நடுவராயிருக்கக் கேட்டார்கள். இவர் தாமே வேடிக்கையாகச் சில படங்களைப் போட்டு அனுப்பினார். அவர்கள் அதை ஒப்புக் கொண்டு, 2008-ல் ஒன்பது இடங்களில் அப்படியே செய்து வைத்தார்கள். பணக்காரர்கள் லேவாதேவி செய்யும் வால் வீதிக்கு டாலர் அடையாளம். ஆடம்பரக் கடைகள் நிறைந்த ஐந்தாவது அவென்யூவுக்குக் குதியுயர்ந்த பெண் செருப்பு. வில்லியம்ஸ்பர்க் பகுதிக்கு கிட்டார் வாத்தியம். வேடிக்கை போலிருந்தாலும், ‘சைக்கிள்காரனுக்கும் இந்தப் பெரிய தெருவில் இடம் உண்டு’ என்பதை எல்லோரும் காணும்படி அது சொல்லிற்று. அந்த நகரத்தில் 2007 முதல் தனிப்பாதைகள் பெருகின. 2013-ல் பொதுச் சைக்கிள்களும் வந்தன. இதையெல்லாம் ஒரு பாட்டுக்காரர் செய்தார் என்று சொன்னால் அது புராணமாகிவிடும். நகராட்சி அதிகாரிகளும், பல வருஷம் கிளர்ச்சி செய்த சாதாரணச் சைக்கிள்காரர்களும் செய்த வேலை அது. இவர் தம் பேரைக் கொண்டும், கையைக் கொண்டும் உடனிருந்தார் என்பதே சரியான கணக்கு.

2023 மே மாதத்தில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சீமான்களும் சினிமாக்காரர்களும் லட்சக்கணக்கில் செலவழித்து உடுத்திக் கொண்டு வரும் விருந்துக்கு, இவர் ஒரு வெள்ளைச் சைக்கிளோடு போய்க் கம்பளத்தில் நின்றார். அப்போது அவருக்கு வயது 70.

இந்தக் குணம் அவர் மேடையிலும் தெரிகிறது. 2018-ல் ஆரம்பித்த ‘அமெரிக்கன் யுடோபியா’ என்ற கச்சேரியில் அவரோடு சேர்ந்து 12 பேர் நின்றார்கள். மேடையில் கம்பி கிடையாது, ஒருவருக்குப் பின்னால் ஒருவர் மறைந்திருக்கும் மேடும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிற உடை, எல்லோரும் வெறுங்கால். மத்தளத்தையும் மற்ற வாத்தியங்களையும் உடம்பில் மாட்டிக் கொண்டு மேடையில் நடமாடி வாசித்தார்கள். 2020-ல் ஸ்பைக் லீ என்பவர் அதைச் சினிமாவாக எடுத்தார். அதன் முடிவில் பைர்ன் நாடக சாலையிலிருந்து சைக்கிளில் புறப்படுகிறார்; கூட வாசித்தவர்களும் சைக்கிள்களில் நியூயார்க் தெருக்களில் போகிறார்கள். தலைவனுக்கு ரதம், மற்றவர்களுக்குக் கால்நடை என்ற பேதம் அங்கே இல்லை.

சைக்கிள் மோகம் கொண்ட சங்கீதக்காரர் இவர் ஒருவரே என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் டுஸ்ஸல்டார்ஃப் நகரத்தில் 1970-ல் தோன்றிய ‘கிராஃப்ட்வெர்க்’ குழுவினர் பிரான்சு தேசத்துப் பெரிய சைக்கிள் பந்தயத்தைப் பற்றியே 1983-ல் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். அப்பந்தயத்துக்கு நூறு வருஷமான 2003-ல் ஒரு முழு இசைத்தட்டே போட்டார்கள். 2017 ஜூலை 1-ம் தேதி அப்பந்தயம் டுஸ்ஸல்டார்ஃபில் தொடங்கியபோது தங்கள் ஊரிலேயே கச்சேரி செய்தார்கள்.

ஆகவே தோழர்களே! இதிலிருந்து நாம் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்றுதான். கைதட்டல் ஒரு மனிதனை உயரத் தூக்குகிறது. தூக்கிய பிறகு அவனை ஜனங்களிடமிருந்து பிரித்தும் விடுகிறது. அப்படிப் பிரியாமலிருக்க ஒருவர் தம் காலையும் இரண்டு சக்கரத்தையும் நம்பினார். அதனால் அவருக்கு உலகம் தெரிந்தது, உடம்புக்கும் நல்லதாயிற்று. பெரிய மனிதன் என்பவன் மோட்டாரில் வருகிறவன் என்ற எண்ணம் நம் மனத்தில் இருக்கும் வரையில், நமக்குத் தெருவும் கிடைக்காது, மதிப்பும் கிடைக்காது. ரோடு போடும்போது மோட்டாருக்கு எவ்வளவு அகலம் என்று கேட்கும் முனிசிபாலிடியை, நடப்பவனுக்கும் சைக்கிள்காரனுக்கும் எவ்வளவு என்று கேட்கும் தைரியம் நமக்கு வேண்டும். உங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் விடக் கற்றுக் கொடுங்கள்.

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக் கொள்ள வேண்டாம். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொண்டு, மற்றதைத் தள்ளிவிடும்படி கேட்டுக் கொண்டு, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.