நர்சு உத்தியோகமும் நமது பெண்களும்
(முகையூர்ப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)

இன்று இக்கூட்டத்தில் நாம் பேச வேண்டிய விஷயம் "நர்சு லைசென்சு பெறுவது எப்படி?" என்பதாக நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். இதைப் படித்த ஒரு தோழர் வழியிலேயே நம்மை நிறுத்தி, "புராணத்தையும் சோதிடத்தையும் கண்டித்துப் பேசுகிற உங்களுக்கு மனுப் போடுகிற சங்கதியில் என்ன வேலை?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். நாம் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்ததுமில்லை. ஆஸ்பத்திரி உத்தியோகம் பார்த்ததுமில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் கேட்டும், படித்தும், சில பெண்களுக்கு மனு எழுதுவதற்குத் துணையாய் உட்கார்ந்தும் தெரிந்து கொண்டதேயாகும்.

ஆனாலும் இதை ஏன் பேச வந்தோமென்றால், ஒரு பெண் நர்சுப் படிப்பை முடித்து வீட்டுக்கு வந்தவுடன், அவளுக்கும் அவள் உத்தியோகத்துக்கும் நடுவே மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். ஒருவர் பஞ்சாங்கத்தோடு வருகிறார். ஒருவர் ஏஜெண்டு என்று சொல்லிக்கொண்டு வருகிறார். மற்றொருவர், "கண்டவன் உடம்பைத் தொடுகிற வேலை நம் குடும்பத்துக்கு எதற்கு?" என்று கேட்கிற பெரியவர். இந்த மூவரிடமும் சிக்காமல் அந்தப் பெண் தன் லைசென்சைத் தன் கையால் வாங்க வேண்டும் என்பதுதான் நம்முடைய ஆசை.

முதலில் இந்த லைசென்சு என்பது என்ன? நோயாளி என்பவன் யார் என்று யோசித்துப் பாருங்கள். அவன் படுத்துக் கிடப்பவன். ஊசி போட வருகிறவளைப் பார்த்து, "நீ என்ன படித்தாய், மருந்தின் அளவு உனக்குத் தெரியுமா?" என்று கேட்க அவனுக்குத் தெம்பும் இல்லை, கேட்டாலும் சரி பார்க்க வழியுமில்லை. அந்தக் கேள்வியை அவனுக்காக முன்கூட்டியே கேட்டு வைப்பதற்குத்தான் ரிஜிஸ்தர் என்று ஒன்று இருக்கிறது. அதில் பெயர் ஏறினால், இவள் கற்க வேண்டியதைக் கற்றாள் என்று அர்த்தம். தவறு செய்தால் விசாரித்து அப்பெயரை அடித்து விடவும் அதிகாரம் உண்டு.

இதற்கு எதிராக மற்றொன்றைப் பாருங்கள். காமாலைக்கு மந்திரிக்கிறவனுக்கு எந்தப் பரீட்சை? பேயோட்டுகிறவன் பெயர் எந்த ரிஜிஸ்தரில் இருக்கிறது? அவன் அடித்த அடியில் ஒரு பெண் செத்தால் "விதி முடிந்தது" என்கிறோம். அடித்து விடுவதற்கு அவன் பெயர் ஒரு புத்தகத்திலும் இல்லை. படித்துப் பரீட்சை கொடுத்தவளிடம் பத்துக் கேள்வி கேட்கிற நாம், அவனிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

இந்த ரிஜிஸ்தரும் சும்மா வந்துவிடவில்லை. இங்கிலாந்தில் இதற்காக முப்பது வருஷத்துக்கும் மேல் சண்டை நடந்தது. எதிர்த்தவர் யார் தெரியுமா? நர்சுகளுக்கெல்லாம் தாய் என்று கொண்டாடப்படுகிற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்தான்! நல்ல நர்சின் குணத்தைப் பரீட்சையால் அளக்க முடியாது என்பது அவருடைய கட்சி. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. பெட்போர்டு பென்விக் என்ற அம்மையாரோ, அளக்கக் கூடியதையாவது அளந்து தீர வேண்டும் என்று விடாமல் வாதாடினார். நியூசிலாந்து 1901-லேயே நர்சுகளுக்கென்று பதிவுச் சட்டம் செய்துவிட்டது. இங்கிலாந்தில் 1919-ல்தான் சட்டம் வந்தது. ரிஜிஸ்தரில் முதல் பெயர் பென்விக் அம்மையாருடையது. பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒப்புக்கொள்ளாமல், சொன்னது சரியா என்று பார்த்ததால் வந்த பலன் இது.

நம் நாடும் இதில் பின்தங்கி விடவில்லை. சென்னை ராஜதானியில் 1926-லேயே நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டம் நிறைவேறியது. அதன் வழியாக வந்ததுதான் இன்று சென்னையிலுள்ள தமிழ்நாடு நர்சுகள், மருத்துவச்சிகள் கவுன்சில். இந்தியா முழுமைக்குமாக 1947-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாகக் கமிஷன் ஒன்றை ஏற்படுத்தும் சட்டத்தை 2023-ல் பார்லிமெண்டு நிறைவேற்றியது. சட்டத்தின் பெயர் எப்படி மாறினாலும், பெயர் ரிஜிஸ்தரில் ஏறாமல் வேலை செய்யக் கூடாது என்பது மாறவில்லை.

1926-ன் சட்டத்தின் பெயரிலேயே மருத்துவச்சி இருக்கிறாள் என்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் நம் கிராமங்களில் மருத்துவச்சியின் கதி என்ன? நடு இராத்திரியில் கதவைத் தட்டிக் கூப்பிடுவார்கள். அவள் வந்து தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைப்பாள். விடிந்ததும் "தீட்டு" என்று சொல்லி, அவளைக் கொல்லைப்புறமாக அனுப்பிவிட்டு வீட்டைக் கழுவுவார்கள். அப்படிப்பட்ட வேலையைச் சட்டம் ஒரு கல்வியாக ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு பதிவு எண்ணும் கொடுத்தது. "தொடுகிற வேலை" என்று முகம் சுளிக்கிற பெரியவருக்கு நாம் சொல்லுவது இதுதான்: ஐயா, உங்களைப் பெற்றபோது ஒருத்தி தொட்டாள். நாளைக்கு முண்டியம்பாக்கத்து ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்தாலும் ஒருத்தி தொடத்தான் போகிறாள். அவள் தொடாவிட்டால் கெடுவது அவள் குடும்பமல்ல, நீங்கள்தான்!

உங்கள் ஊர் வழியாகப் போகிற விழுப்புரம் – காட்பாடி ரயில் பாதை வேலூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அந்த வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் நர்சுப் பள்ளி தொடங்கினார். 1946-ல் அங்கேயே நர்சுப் படிப்பு பி.எஸ்ஸி. பட்டமாக உயர்ந்தது. அதே வருஷம் டெல்லியிலும் தொடங்கினார்கள். ஆகவே இது ஏதோ தூர தேசத்துச் சங்கதியல்ல.

இனி, செய்ய வேண்டியது என்ன என்பதற்கு வருவோம். நம் நாட்டில் லைசென்சுக்கென்று தனிப் பரீட்சை இல்லை. மூன்று வருஷ டிப்ளமோவோ, நான்கு வருஷப் பட்டப் படிப்போ படித்து, அதன் பரீட்சையில் தேறிய பிறகு கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பள்ளி இறுதிச் சான்று, மதிப்பெண் பட்டியல்கள், படிப்பு முடித்ததற்கும் தேறியதற்கும் சான்றுகள், படம், கட்டணம் முதலியவற்றோடு மனுப் போட்டால் நர்சாகவும் மருத்துவச்சியாகவும் பெயர் பதியப்படும்.

ஆனால் கவனம் வைக்க வேண்டியது படிப்பு முடிந்த பிறகல்ல, சேருவதற்கு முன்பு! "பக்கத்து ராஜ்யத்தில் சுலபமாய் இடம் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் வந்தால், அந்தக் கல்லூரிக்கு அந்த ராஜ்யத்துக் கவுன்சிலின் அங்கீகாரமும், இந்திய நர்சிங் கவுன்சிலின் ஒப்புதலும் உண்டா என்று முதலில் பாருங்கள். அங்கீகாரமில்லாத இடத்தில் நான்கு வருஷம் படித்தாலும் ரிஜிஸ்தரில் பெயர் ஏறாது. நல்ல கல்லூரியிலேயே படித்திருந்தாலும், முதலில் அந்த ராஜ்யத்தில் பதிந்து, அங்கிருந்து ஆட்சேபணையில்லை என்ற சான்று பெற்ற பிறகுதான் இங்கே பதிய முடியும்.

வெளிநாடு போக நினைக்கிற தங்கைமார்களுக்கு மற்றொரு படி உண்டு. அங்கே நம் பதிவு மட்டும் போதாது. அமெரிக்காவில் என்கிளெக்ஸ் என்று ஒரு பரீட்சை. அங்குள்ள ஏதாவதொரு ராஜ்யத்தின் நர்சு போர்டுக்கு லைசென்சு கேட்டு மனுப் போடுவது ஒரு காரியம். பரீட்சை நடத்தும் கம்பெனியிடம் பெயரைப் பதிந்து 200 டாலர் கட்டுவது வேறொரு காரியம். இரண்டும் ஒன்றென்று நினைத்து ஒன்றை மட்டும் செய்துவிட்டுக் காத்திருந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. போர்டு சரி என்று சொன்ன பிறகுதான் அனுமதிக் கடிதம் வரும்; அது வந்த பிறகுதான் நாளைக் குறிக்கலாம்.

பரீட்சை 1994 முதல் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாய் வரும். தவறினால் கொஞ்சம் எளிதாய் வரும். 2023-ல் வந்த முறைப்படி குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150 கேள்வி, ஐந்து மணி நேரம். ஒருத்திக்கு 85-லேயே கம்ப்யூட்டர் நின்றுவிடும். உடனே "தோற்றுவிட்டேன்" என்று அழுகிறவளும் உண்டு. "ஜெயித்துவிட்டேன்" என்று தேங்காய் உடைக்கிறவளும் உண்டு. இரண்டும் தவறு. அவளுடைய தகுதி தெளிவாய்த் தெரிந்துவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். தேறியதும் தேறாததும் போர்டு சொன்னால்தான் தெரியும்.

இப்பொழுது மிகவும் முக்கியமான விஷயம் ஒன்றைச் சொல்லுகிறோம். அதுதான் பெயர். நம் பெயர் முறை உங்களுக்குத் தெரியும். முன்னால் தகப்பனார் பெயரின் முதலெழுத்து, பின்னால் நம் பெயர். வெளிநாட்டு மனுவிலோ "குடும்பப் பெயர் என்ன?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு, மனு எழுதிக்கொடுத்த ஏஜெண்டு அந்தக் கட்டத்தில் என்ன எழுதினார் தெரியுமா? அவள் சாதிப் பெயரை எழுதினார்! அவள் சர்ட்டிபிகேட்டில் அது இல்லை, பாஸ்போர்ட்டிலும் இல்லை. பெயருக்குப் பெயர் ஒத்துவரவில்லை என்று மனு திரும்பி வந்தது. அதைத் திருத்துவதற்குள் எட்டு மாதம் வீணாயிற்று.

தோழர்களே! 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானம் செய்தார்கள். நம் தாத்தாமார் வெட்டி எறிந்ததை, அமெரிக்க மனுவில் ஒரு கட்டம் காலியாயிருக்கிறதென்று பேத்தி பொறுக்கி ஒட்டிக்கொள்ளுவதா? அந்தத் தேசத்தார் சாதியைக் கேட்கவில்லை. இன்னார் இன்னாரென்று அடையாளம் காண இரண்டு பெயர் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே செய்ய வேண்டியது இது. நம் பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை மட்டும் போட ஒப்புவதில்லை. விரித்துத்தான் எழுத வேண்டும். அங்கே தகப்பனார் பெயரையோ தாயார் பெயரையோ குடும்பப் பெயராகப் போட்டுக் கொள்ளுங்கள். பிறகு பாஸ்போர்ட்டிலுள்ள அதே எழுத்து, அதே வரிசை, கவுன்சில் பதிவு முதல் பரீட்சை மனு வரையில் ஒன்றாய் இருக்கட்டும். பரீட்சை மண்டபத்து வாசலில் பாஸ்போர்ட்டிலுள்ள பெயர் அனுமதிக் கடிதத்திலுள்ள பெயரோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெயர் ஒத்துவராவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். கட்டிய பணமும் போய்விடும். கலியாணம் ஆன மறுநாளே புருஷன் பெயரைச் சேர்த்துக் கொள்ளுகிற அவசரமும் வேண்டாம். படித்தது நீ, பரீட்சை எழுதப் போவதும் நீ, பெயரும் உன்னுடையதாகவே இருக்கட்டும்.

அடுத்தது ஏஜெண்டு. 2014-ல் ஈராக்கில் திக்ரித் பட்டணத்தில் யுத்தத்துக்கு நடுவே அகப்பட்டு, நம் நாட்டு நர்சுகள் 46 பேர் தப்பி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பெரும்பாலோர் கேரளத்துப் பெண்கள். உயிர் பிழைத்து வந்தவர்களில் சிலர் என்ன சொன்னார்கள்? வேலைக்குப் போக வாங்கிய கடன் இன்னும் தீரவில்லையே என்று கலங்கினார்கள். குண்டுக்குப் பயப்படுவதைவிடக் கடனுக்குப் பயப்படும்படி ஒரு பெண்ணை வைக்கலாமா? 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் ஏஜெண்டு வாங்கக்கூடிய கூலி 30,000 ரூபாயும் அதற்கு வரியுந்தான். வளைகுடா நாடுகள் முதலிய பதினெட்டு நாடுகளுக்கு நர்சுகளைச் சர்க்கார் ஏற்படுத்திய ஸ்தாபனங்களின் மூலமே எடுக்க வேண்டுமென்று 2015-ல் உத்தரவாயிற்று. தமிழ்நாட்டுச் சர்க்காருக்கும் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே போய் விசாரிப்பதற்கு ஏன் கூச்சம்? அசல் சர்ட்டிபிகேட்டுகளை மாத்திரம் எவரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். அதை வாங்கி வைத்துக்கொண்டு "பணம் கொடுத்தால்தான் திருப்பித் தருவேன்" என்பது அடகுக்கடை வியாபாரமேயொழிய வேறல்ல.

கடைசியாகப் பஞ்சாங்கம். நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பெண் மனுவையெல்லாம் பூர்த்தி செய்துவிட்டாள். "இன்று அஷ்டமி, நாளை நவமி" என்று தாயார் நிறுத்தினார். அதற்கடுத்த நாள் நல்ல நாளாம். ஆனால் கடைசித் தேதி நவமியோடு முடிந்துவிட்டது! நல்ல நாளில் அவளுக்குக் கிடைத்தது இன்னொரு வருஷக் காத்திருப்பு. மனுவுக்கு நல்ல நாள் எதுவென்றால், கடைசித் தேதிக்கு முந்திய எந்த நாளும் நல்ல நாள்தான். பரீட்சைக்கு நல்ல நேரம் எதுவென்றால், படித்து முடித்த நேரந்தான்.

ஆகவே தாய்மார்களே, தோழர்களே! உங்கள் பெண் லைசென்சு பெறுவதற்கு எந்தச் சாதி, எந்த நட்சத்திரம் என்று கேள்வியில்லை. என்ன கற்றாய், உன் பெயர் என்ன என்ற இரண்டே கேள்விதான். இப்படிச் சாதியைக் கேட்காமல் அறிவை மட்டும் கேட்கிற வாசல் நம் நாட்டில் எத்தனை இருக்கிறது? இருக்கிற ஒன்றில் நம் பெண்கள் நிமிர்ந்து நுழைய வேண்டாமா?

நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. கட்டணமும் விதியும் மாறக் கூடியவை. வீட்டுக்குப் போய்ப் பெண்ணும் தாயும் பக்கத்தில் உட்கார்ந்து, கவுன்சிலின் விதிகளை நீங்களே படித்துப் பார்த்து, சரியென்று பட்டால் அதன்படி செய்யுங்கள்.